மணக் கேக்கும் மனச்சாட்சியும்

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் தலைநகராகிய டென்வரை அடுத்துள்ள லேக்வுட் என்னும் ஊரில், 1993-ஆம் ஆண்டு முதல் 'மாஸ்டர்பீஸ் கேக் ஷாப்' என்ற பெயரில் பேக்கரி நடத்தி வந்த ஜாக் ஃபிலிப்ஸ் என்பவரிடம், 2012-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இரண்டு ஆண்கள் தங்கள் விவாகத்தை முன்னிட்டு ஒரு கேக் வேண்டுமென்று கேட்டார்கள். அவர்களுள் ஒருவருடைய தாயாரும் உடன் வந்திருந்தார். தன்பாலினத் திருமணம் அந்நாளில் கொலராடோவில் செல்லுபடியாகாதாகையால், மாசசூசெட்ஸுக்குச் சென்று மணம் முடித்துத் திரும்பி, டென்வரில் உற்றாருக்கும் நண்பர்களுக்கும் விருந்தளிப்பது அவர்களுடைய ஏற்பாடு. பிறந்தநாள் கேக்கோ பிஸ்கட்டோ எது வேண்டுமானாலும் விற்கத் தயார் என்றும், தன்பாலினத் திருமணத்துக்குக் கேக் செய்வது மட்டும் தம்மால் ஆகாது என்றும் ஃபிலிப்ஸ் சொல்லிவிட்டார். எத்தனை அடுக்கு, என்ன நிறம், மேலே எழுத்து ஏதேனும் உண்டா என்ற பேச்சே எழவில்லை. அதற்கு முன்னரே வந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள். அந்தச் சிறிய சந்திப்பு ஆறு ஆண்டுகள் கழித்து நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு வந்தபொழுது, ஒன்பது நீதிபதிகள் ஐந்து தனித்தனி அபிப்பிராயங்களை எழுதினார்கள். அவ்வளவு எழுதியும் மூல வினாவுக்கு அவர்கள் விடை கூறவில்லை என்பதே இவ்விஷயத்தை ஆராய்வதற்குத் தக்க காரணமாகும்.

ஃபிலிப்ஸின் மறுப்பை வெறும் துவேஷம் என்று தள்ளிவிட்டு மேலே செல்வது எளிது. ஆனால் வழக்கின் ஏடுகளைப் படிக்கிறவர்களுக்கு அது நியாயமாகத் தோன்றாது. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை அடைத்து வந்தவர். மது கலந்த கேக்குகளைச் செய்யாதவர். அமெரிக்க இனிப்புக் கடைகளுக்கு நல்ல வரும்படி தரும் ஹாலோவீன் பண்டிகைக்குரிய கேக்குகளையும், தம் சமயக் கொள்கைக்கு மாறானவை என்று கருதி, செய்ய மறுத்தவர். லாபத்தைக் கைவிட்டு ஒழுகும் ஒருவருடைய சிரத்தையைச் சந்தேகிப்பதற்கில்லை. அதே அளவில் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். மணநாளை எதிர்நோக்கித் தாயுடன் கடைக்குச் சென்ற ஒருவர், தாம் யார் என்பது தெரிந்த மாத்திரத்தில், வேறெந்தக் கேள்வியும் கேட்கப்படாமல் திருப்பி அனுப்பப்படுகையில், அவர் இழப்பது ஒரு தின்பண்டம் அன்று. ஊரார் எல்லோருக்கும் திறந்திருக்கும் கதவு தமக்கும் திறந்திருக்கிறது என்று அதுவரை கொண்டிருந்த நம்பிக்கையையே அவர் இழக்கிறார்.

கடை திறந்து வைத்தவன் வந்தவர்களுக்கு விற்கக் கடமைப்பட்டவன் என்னும் கொள்கை நேற்றுத் தோன்றியதன்று. பொதுத் தொழிலை மேற்கொண்டவன் அத்தொழில் செல்லும் எல்லை வரையில் பொதுமக்களுக்குப் பணி செய்தாக வேண்டும் என்றும், வழிப்போக்கனுக்கு இடம் மறுக்கும் சத்திரக்காரனும் குதிரைக்கு லாடம் அடிக்க மறுக்கும் கொல்லனும் வழக்குக்கு இலக்காவார்கள் என்றும் 1701-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் தலைமை நீதிபதி ஹோல்ட் எழுதினார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்குப் பின்னர், கறுப்பின மக்களுக்கு விடுதிகளிலும் நாடகசாலைகளிலும் சம உரிமை அளித்து 1875-இல் மத்திய அரசு இயற்றிய சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1883-இல் செல்லாதென அறிவிக்கவே, தெற்கில் சேராத சில மாநிலங்கள் அவ்வேலையைத் தாமே மேற்கொண்டன. கொலராடோவின் சட்டம் 1885-ஆம் ஆண்டினது. 2008-இல் அம்மாநிலம் பாலியல் நாட்டத்தையும் பாதுகாப்புக்குரிய காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 1964-இல் நிறைவேறிய புகழ்பெற்ற மத்திய சிவில் உரிமைச் சட்டமோ, விடுதி, உணவகம், கேளிக்கைக் கூடம் ஆகியவற்றில் இனம், நிறம், சமயம், பூர்விக நாடு என்னும் காரணங்களால் வேற்றுமை பாராட்டுவதைத் தடுத்ததேயன்றிப் பாலியல் நாட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவேதான் இந்த வழக்குகள் யாவும் மாநிலச் சட்டங்களைப் பற்றி எழுந்தன. ஒரு மாநிலத்தில் குற்றமாகும் மறுப்பு, எல்லை தாண்டினால் குற்றமாகாமல் போவதும் அதனாலேயே.

நம் நாட்டிலும் இக்கொள்கைக்குச் சாசனத்தில் இடமுண்டு. கடைகளிலும் உணவகங்களிலும் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் பற்றி எந்தப் பிரஜையையும் தடுத்தலாகாது என்னும் 15-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, அரசாங்கத்தை மட்டுமன்றித் தனி மனிதரையும் கட்டுப்படுத்துவது. அதற்குரிய வரைவை 1948-இல் அரசியல் நிர்ணய சபை விவாதித்தபொழுது, சரக்கு விற்பவரோடு கூலிக்குப் பணி செய்ய முன்வருபவரும் அதில் அடங்குவர் என்று அம்பேத்கர் விளக்கினார். தேநீர்க் கடையில் தனிக் குவளையையும், முடிதிருத்தும் கடையில் மறுப்பையும் கண்ட தமிழ்நாட்டுக் கிராமங்களை அறிந்தவர்களுக்கு அவ்விளக்கத்தின் அவசியத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

சமயத்தைக் காரணமாகக் காட்டி மறுப்பதும் அமெரிக்க நீதிமன்றங்களுக்குப் புதிதன்று. தென் கரோலினாவில் 'பிக்கி பார்க்' என்னும் உணவகங்களை நடத்திய ஒருவர், இனங்கள் கலந்து பழகுவது தெய்வ சித்தத்துக்கு விரோதமானது என்று வாதாடினார். 1968-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைப் பரிசீலனைக்கே தகுதியற்றதென்று ஓர் அடிக்குறிப்பில் தள்ளிவிட்டது. பேக்கரிக்காரர்களை எதிர்ப்பவர்கள் இதையே பெரிய ஆதாரமாகக் கொள்வார்கள். அதன் வலிமையை நான் மறுக்கவில்லை. ஆயினும் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதற்கு முன் சற்று நிதானிப்பது நல்லது. தன்பாலினத் திருமணத்தை நாடு முழுவதற்கும் உரிமையாக்கிய 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடியே, அத்திருமணத்தை ஏற்காதவர்களுள் பலர் கண்ணியமான சமய, தத்துவ அடிப்படைகளிலிருந்து அம்முடிவுக்கு வந்தவர்கள் என்று அதே தீர்ப்பில் குறித்திருக்கிறார். இனவெறியைப் பற்றி எந்த நீதிபதியும் அவ்வாறு எழுதியிருக்க மாட்டார்.

சமய சுதந்திரம் என்னும் வாதம் மட்டும் ஃபிலிப்ஸைக் காப்பாற்றியிருக்காது. எல்லோருக்கும் பொதுவாக, எந்தச் சமயத்தையும் குறிவைக்காமல் இயற்றப்பட்ட சட்டத்திலிருந்து சமயத்தின் பெயரால் விலக்குக் கேட்பதற்கு அரசியல் சட்டம் இடந்தராது என்று உச்ச நீதிமன்றம் 1990-இலேயே தீர்ப்பளித்திருந்தது. ஆகையால் அவருடைய வக்கீல்கள் பேச்சுரிமையைப் பற்றுக்கோடாகக் கொண்டார்கள். அது வலிய பற்றுக்கோடு. பள்ளிப் பிள்ளைகளைக் கொடிக்கு வணக்கம் செலுத்தும்படி நிர்ப்பந்திக்கலாகாது என்று, உலகப் போரின் நடுவே, தேசபக்தி உச்சத்தில் இருந்த 1943-ஆம் ஆண்டில், யெகோவாவின் சாட்சிகளுடைய வழக்கில் அந்நீதிமன்றம் கூறியது. பாஸ்டன் நகரின் புனித பேட்ரிக் தின ஊர்வலத்தை நடத்துவோர் தமக்கு உடன்பாடில்லாத குழுவொன்றைத் தம் பதாகையுடன் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்று 1995-இல் ஒருமனதாகத் தீர்ப்பாயிற்று. தான் நம்பாத ஒன்றைத் தன் வாயாலோ கையாலோ சொல்லும்படி ஒருவனை அரசாங்கம் கட்டாயப்படுத்தக் கூடுமாயின், மற்ற சுதந்திரங்கள் எல்லாம் எத்தனை இருந்தும் பயன் சிறிதே.

ஆனால் கேக் ஒரு பேச்சாகுமா? ஃபிலிப்ஸ் தம்மை ஒரு கலைஞர் என்றே கருதினார்; பல அடுக்குகளாக எழுப்பி, சர்க்கரைப் பூக்களும் உருவங்களும் அமைத்துச் செய்யும் மணக் கேக், பார்த்தவுடன் இது திருமண விருந்து என்று அறிவிக்கும் சின்னமாகிறது என்று நீதிபதி தாமஸ் அவர் சார்பில் விரிவாக எழுதினார். அந்த வாதத்தைப் படிக்கும்பொழுது மனம் இசையத்தான் செய்கிறது. எனினும் வழக்கில் வெளிப்பட்ட ஒரு சிறிய செய்தி அந்த இசைவைக் கலைத்துவிடுகிறது. வேறொரு சமயம், தங்கள் இணைவைக் கொண்டாட விரும்பிய இரண்டு பெண்களுக்கு, அதே கடையில் சாதாரணக் கப் கேக்குகள் கூட மறுக்கப்பட்டன. அத்தகைய நிகழ்ச்சிகளுக்கு எந்தப் பண்டமும் விற்பதில்லை என்பதே கடையின் வழக்கம் என்று சொல்லப்பட்டதாம். கப் கேக்கில் சிற்பமும் இல்லை, செய்தியும் இல்லை. அதையும் மறுத்தவர் தம் கலையைக் காத்தார் என்று கொள்வது கடினம். தமக்கு உடன்பாடில்லாத விசேஷத்திலிருந்து தம் பண்டங்களை விலக்கி வைத்தார் என்று கொள்வதே பொருத்தம். பின்னது பேச்சுரிமையாகாது. அது பேச்சுரிமையாகுமானால், பூக்கடைக்காரர், பந்தற்காரர், சமையற்காரர், வாடகைக்கு நாற்காலி தருபவர் ஆகிய ஒவ்வொருவரும் அதே உரிமையைக் கோரக் கூடும். பூக்கடைக்காரரும் புகைப்படக்காரரும் வாஷிங்டன், நியூ மெக்ஸிகோ மாநிலங்களில் உண்மையாகவே கோரி, அம்மாநில உச்ச நீதிமன்றங்களில் தோற்றார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்க வழிகாட்டியது, என் அபிப்பிராயத்தில், அமெரிக்க நீதிமன்றமன்று; வட அயர்லாந்தின் தலைநகராகிய பெல்ஃபாஸ்டில் எழுந்த வழக்கொன்றே. 2014-ஆம் ஆண்டு மே மாதம், ஒருவர் அந்நகரத்து 'ஆஷர்ஸ்' பேக்கரியில் 36 பவுன் 50 பென்ஸ் செலுத்தி ஒரு கேக்குக்குச் சொல்லிவைத்தார். சிறுவர் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வரும் பெர்ட், எர்னி என்னும் இரு பொம்மைகளின் படமும், தன்பாலினத் திருமணத்தை ஆதரியுங்கள் என்னும் வாசகமும் அதன்மேல் இடம்பெற வேண்டும். வட அயர்லாந்தில் அத்திருமணம் அப்போது சட்டமாகவில்லை. ஆக வேண்டுமா என்பதே அரசியல் விவாதமாக இருந்தது. பணத்தைப் பெற்றுக்கொண்ட கடைக்காரக் குடும்பத்தார், சில நாள் யோசித்து, கிறிஸ்தவர்களாகிய தங்களால் அவ்வாசகத்தை எழுத இயலாதென்று தொலைபேசியில் தெரிவித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கீழ் நீதிமன்றம் 2015-இல் 500 பவுன் நஷ்ட ஈடு விதித்தது. 2016-இல் மேல்முறையீட்டு மன்றமும் அதை உறுதி செய்தது. 2018 அக்டோபர் 10-ஆம் நாள் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றினார்கள்.

தலைவர் ஹேல் சீமாட்டி எழுதிய அத்தீர்ப்பின் தாத்பரியம் இது: கடைக்காரர்களின் ஆட்சேபம் கேட்டவரைப் பற்றியதன்று, கேட்ட வாசகத்தைப் பற்றியது, அதே வாசகத்தைப் பெண்ணை மணந்த ஓர் ஆண் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பார்கள், கேட்டவர் எழுத்தில்லாத கேக்கைக் கேட்டிருந்தால் மகிழ்ச்சியுடன் விற்றிருப்பார்கள். தன்பாலினத்தவர் என்பதற்காக ஒருவருக்குப் பண்டம் மறுப்பது மனித கௌரவத்தைக் குலைப்பது என்று திட்டமாகச் சொல்லிவிட்டு, தாம் ஆழமாக மாறுபடும் ஒரு கருத்தைத் தம் கையால் எழுதச் சொல்லி நிர்ப்பந்திப்பது வேறு விஷயம் என்று அவர் பிரித்துக் காட்டினார். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியான கொலராடோத் தீர்ப்பையும் பின்குறிப்பாக எடுத்துக்கொண்டு, எவர் கேட்டாலும் ஒரு செய்தியை எழுத மறுப்பதற்கும், இன்னார் கேட்கிறார் என்பதற்காக ஒரு கேக்கை மறுப்பதற்கும் உள்ள பேதத்தை அவர் வற்புறுத்தினார். கேட்டவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினார். உள்நாட்டில் அவ்வுரிமைகளை முன்வைத்து வாதிடவில்லை என்ற காரணத்தால் 2022 ஜனவரியில் அம்மன்று மனுவை ஏற்க மறுத்தது.

பெல்ஃபாஸ்டில் வகுத்த இந்தக் கோட்டை நான் முழு மனத்துடன் ஏற்கிறேன். அதே கோட்டைக் கொண்டு அளக்கும்பொழுது, எழுத்தையோ வடிவத்தையோ பற்றி ஒரு வார்த்தையும் கேளாமல் மறுத்த லேக்வுட் கடைக்காரர் அதன் தவறான பக்கத்தில் நிற்கிறார் என்றும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 ஜூன் 4-ஆம் நாள் ஏழு பேருக்கு இருவர் என்ற கணக்கில் ஃபிலிப்ஸுக்கே வெற்றி அளித்தது. கென்னடி எழுதிய அத்தீர்ப்பு, வேற்றுமை பாராட்டுவதைத் தடுக்கும் சட்டங்களின் தகுதியைக் குறைக்கவில்லை. கொலராடோ சிவில் உரிமை ஆணையம் ஃபிலிப்ஸை விசாரித்த முறை பட்சபாதமற்றதாக இருக்கவில்லை என்பதே அதன் அடிப்படை. பகிரங்க விசாரணையில் ஆணைய உறுப்பினர் ஒருவர், அடிமை முறையையும் யூதர் படுகொலையையும் நியாயப்படுத்தச் சமய சுதந்திரம் பயன்பட்டது என்றும், பிறரைப் புண்படுத்தச் சமயத்தை எடுத்தாள்வது மிக இழிந்த பேச்சு என்றும் கூறினார். உடனிருந்த எவரும் அதை ஆட்சேபிக்கவில்லை. நியாயம் வழங்க அமர்ந்த ஒருவர், தம் முன் நிற்கும் பிரஜையின் விசுவாசத்தை அவ்வாறு பழிப்பாராயின், முடிவு சரியானதாகவே இருப்பினும் அது நியாயமாகாது என்பதில் எனக்குக் கென்னடியுடன் கருத்து வேற்றுமையில்லை.

அவர் சுட்டிய மற்றொரு காரணத்தில்தான் வழக்கின் உயிர்நிலை இருக்கிறது. தன்பாலின உறவைக் கண்டிக்கும் வாசகங்களுடன் கேக் வேண்டுமென்று மூன்று வேறு கடைகளில் ஒருவர் கேட்டார், மூவரும் மறுத்தார்கள், ஆணையமோ அவர்கள் குற்றவாளிகளல்லர் என்றது. அவர்களுக்கு ஒரு நீதி, ஃபிலிப்ஸுக்கு ஒரு நீதியா என்ற கேள்வி எழுந்தது. நீதிபதி கேகன் தந்த விடை தெளிவானது: அம்மூவரும் அந்த வாசகத்தை எவர் கேட்டாலும் எழுதியிருக்க மாட்டார்கள், ஃபிலிப்ஸோ ஆணும் பெண்ணும் வந்து கேட்டால் செய்து தரும் பொருளை, இரண்டு ஆண்கள் கேட்டதனால் மறுத்தார். நீதிபதி கோர்ஸச் இதை மறுத்தார். ஃபிலிப்ஸும் ஒருவகைக் கேக்கை எவருக்கும் செய்வதில்லை. மணமகனுடைய தாயே கேட்டும் அவர் மறுத்தாரல்லவா. ஒரு வழக்கில் 'மணக் கேக்' என்று பொதுப்படையாகவும், மற்றொன்றில் 'கண்டன வாசகக் கேக்' என்று குறிப்பாகவும் பொருளை வருணித்தால் வேண்டிய முடிவு கிட்டிவிடும் என்பது அவர் வாதம். கூரிய வாதமே. ஆயினும் மாவிலும் சர்க்கரையிலும் அலங்காரத்திலும் எள்ளளவும் வேறுபாடில்லாத இரண்டு கேக்குகளை, எவருடைய விருந்துக்குப் போகிறது என்ற ஒன்றைக் கொண்டே வெவ்வேறு பொருள் என்று சொல்லத் தொடங்கினால், எந்தப் பாரபட்சத்தையும் அவ்வழியில் நியாயப்படுத்திவிடலாம். கறுப்பினத்தார்க்கு அளிக்கும் உணவு வேறு உணவு என்று ஒருவர் சொன்னால் நாம் யாது பதில் கூறுவது? சோட்டோமேயருடன் சேர்ந்து மறுதலித்த நீதிபதி கின்ஸ்பர்க், வாசகக் கேக்கும் மணக் கேக்கும் ஒப்பிடத்தக்கனவே அல்ல என்று எழுதியது இதனாலேயே.

வேறு கடைக்குப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. டென்வர் போன்ற பெருநகரில் போகலாம்தான். ஆனால் இரண்டே பேக்கரிகள் உள்ள சிற்றூரில், இரண்டும் ஒரே திருச்சபையைச் சேர்ந்தவையாயின், உரிமை என்பது முகவரியைப் பொறுத்ததாகிவிடும். மறுபுறத்தில், தண்டனையின் அளவு பற்றிச் சட்டத்தின் பக்கம் நிற்பவர்களும் சிந்திக்க வேண்டும். கொலராடோ ஆணையம் அபராதம் விதிக்காமல், வழக்கத்தை மாற்றும்படியும், ஊழியர்களுக்குப் பயிற்சி தரும்படியும், இரண்டு ஆண்டுகள் அறிக்கை அனுப்பும்படியும் மட்டுமே உத்தரவிட்டது. ஆரிகனிலோ ஒரு தம்பதியர் நடத்திய சிறு பேக்கரிக்கு 1,35,000 டாலர் விதிக்கப்பட்டது. நீண்ட வழக்காட்டத்துக்குப் பின் 2022-இல் அது 30,000 ஆகக் குறைக்கப்பட்டது. மனச்சாட்சியினால் தவறியவனைத் திருத்துவதே சட்டத்தின் உத்தேசமாக இருக்க, குடும்பத்தையே நிலைகுலையச் செய்யும் தொகை அவனைத் தியாகியாக்குமேயன்றித் திருத்தாது.

2023 ஜூன் 30-ஆம் நாள் இவ்விவாதம் புதிய திருப்பம் அடைந்தது. தன்பாலின மணங்களுக்கு இணையதளம் அமைக்க விரும்பாத கொலராடோப் பெண் ஒருவருக்கு, ஆறு பேருக்கு மூவர் என்ற கணக்கில், பேச்சுரிமையின் பெயரால் உச்ச நீதிமன்றம் வெற்றி தந்தது. அவர் அதுவரை எந்த மணத்துக்கும் தளம் அமைத்தவரல்லர். அவர் அமைக்கவிருந்தவை அவருடைய சொற்களும் படைப்பும் அடங்கியவை என்பதை மாநில அரசும் ஒப்புக்கொண்டிருந்தது. அந்த ஒப்புதலின்மேல் எழுந்த தீர்ப்பு பேக்கரிக்காரருக்கும் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில், எழுத்தோ உருவமோ இல்லாத, வெள்ளை நிற மூன்றடுக்குக் கேக்கை இரண்டு பெண்களின் மணவிழாவுக்கு மறுத்த கடைக்கு விசாரணை நீதிமன்றம் 2022-இல் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2025-இல் அம்மாநில மேல்முறையீட்டு மன்றம், எவருக்கும் விற்கும் வெள்ளைக் கேக் எந்தச் செய்தியையும் பேசுவதில்லை என்று அதை மாற்றிவிட்டது.

ஃபிலிப்ஸின் கதையும் 2018-உடன் முடியவில்லை. அவருடைய மனுவை விசாரிக்க உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்ட 2017 ஜூன் மாதத்திலேயே, திருநங்கையாகிய ஒரு வழக்கறிஞர், உள்ளே இளஞ்சிவப்பும் வெளியே நீலமுமாக ஒரு கேக் வேண்டுமென்று அக்கடையைத் தொலைபேசியில் கேட்டார். கடையினர் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார்கள். தாம் ஆணாகக் கருதப்பட்ட நிலையிலிருந்து பெண்ணாக மாறியதை அவ்விரு நிறங்களும் குறிக்கும் என்று அவர் சொன்ன பிறகு மறுத்துவிட்டார்கள். விசாரணை நீதிமன்றம் 2021-இல் 500 டாலர் அபராதம் விதித்தது. 2023-இல் மேல்முறையீட்டு மன்றம் அதை ஆதரித்தது. 2024 அக்டோபரில் கொலராடோ உச்ச நீதிமன்றம், வழக்கைத் தொடுத்த முறை சரியன்று என்ற காரணம் ஒன்றையே கொண்டு அதைத் தள்ளி, கேக் பேசுமா பேசாதா என்பதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாமல் விட்டது. ஃபிலிப்ஸைத் துரத்தித் துரத்தி வழக்காடியதாகச் சிலர் வருந்துவார்கள். அவ்வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் வழக்கின் உட்பொருளை மட்டும் கேட்டால், அதே இரண்டு நிறங்களில் அதே கேக்கை வேறொருவருக்குச் செய்து கொடுக்கக் கடையினருக்கு ஆட்சேபம் இருந்திருக்காது. எழுத ஓர் எழுத்தும் அவர்களைக் கேட்கவில்லை. பொருள் முழுவதும் வாங்குபவருடைய மனத்தில் இருந்தது. அவர் அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருந்தால் கேக் அவர் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். சொன்னதனால் மட்டும் மறுக்கப்பட்ட பொருளில் கடைக்காரருடைய பேச்சு எங்கே இருக்கிறது என்பதை அவருக்காக வாதாடிய எவரும் எனக்கு இன்னும் காட்டவில்லை.